கடைசிப் பக்கத்துச் சின்ன ர

சனிக்கிழமை பிற்பகல்
ஒத்திகைக் கூடம், கடைசி வரிசை

அன்பு மகளுக்கு,

நானும் உன் மகள் சுண்டுவும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். முதல் வரியிலேயே இதை எழுதிவிட்டால் நீ மூச்சு விட்டுக்கொண்டு மற்றதைப் படிப்பாய் என்று எழுதுகிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா? ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆள் வேலையை இன்னும் நீ ஒருத்திதான் பார்க்கிறாயா?

நேற்று மாலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சுண்டு தன் வயலின் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மேலே வைக்கச் சொன்னதற்கு, "உங்க மடியில கைக்குழந்தை இருந்தா மேல வைப்பீங்களா தாத்தா?" என்று கேட்டாள். எங்கள் சாமான்கள் மொத்தம் மூன்று. ஒவ்வொரு நிலையத்திலும் நான் அவற்றை எண்ணியது அவளுக்கு ஒரே சிரிப்பு. "எத்தனை தடவை எண்ணினாலும் மூணுதான் தாத்தா, குட்டியா போடப்போகுது?" என்றாள். பதினேழு வயதாகிவிட்டது, வாய் மட்டும் இன்னும் உன் ஒன்பது வயது வாய்தான்.

கூடத்துக்கு எதிரிலேயே தங்கும் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, பூட்டாத ஒரு அலமாரி. குழாய் சொட்டுகிறது, நான் கீழே ஒரு துணியைப் போட்டுவிட்டேன். மற்றபடி சுத்தமான இடம்.

இந்தக் கூடம் ஒரு காலத்தில் கடிதங்களைப் பிரிக்கும் நிலையமாக இருந்ததாம். சுவர் முழுவதும் எண் போட்ட மரப் பொந்துகள். முன்பு ஊர்வாரியாகக் கடிதங்கள் இருந்த அந்தப் பொந்துகளில் இப்போது இசைத்தாள்களை உறை உறையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் காப்பதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். பிள்ளைகள் அவருக்குத் 'தாளம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும், கோபமில்லை.

நீ கையெழுத்திட்டு அனுப்பிய படிவத்தில் இருந்ததுதான் ஏற்பாடு. மேல்நாட்டு வாத்தியக் குழுவாகச் சேர்ந்து வாசிக்க முப்பது பேர் வந்திருக்கிறார்கள். இந்தச் சனி ஞாயிறு ஒத்திகை. வருகிற சனி இல்லை, அதற்கடுத்த சனி மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. அதில் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்து ஆறு பேரை மட்டும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே தங்கிப் படிக்க எடுத்துக்கொள்வார்கள். சுண்டு இதைத் தவிர வேறு எதையும் ஒரு வருடமாக நினைக்கவில்லை. நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, காலையில் நடந்த ஒரு வேடிக்கை.

தாளம்மா ஆளுக்கொரு உறை கொடுத்தார். பென்சிலால் மட்டுமே குறிப்பு எழுத வேண்டும், பேனா கூடவே கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். தேநீர் இடைவேளையில் சுண்டு தன் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "தாத்தா, இதைப் பாருங்களேன், யாரோ என் கையெழுத்தை காப்பி அடிச்சிருக்காங்க!" என்றாள்.

பார்த்தேன். முன்பு யாரோ வாசித்தபோது எழுதிய பென்சில் குறிப்புகள். 'தோளை இரக்கு' என்று ஓரிடத்தில். 'நடத்துநரைப் பார்' என்று ஓரிடத்தில்; முன்னால் நின்று கோலை ஆட்டி எல்லோரையும் வாசிக்க வைக்கிறாரே, அவரைத்தான். கையெழுத்து அப்படியே அவளுடையது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் சின்ன வட்டம் போடுவாளே, அவசரத்தில் அந்த வட்டம் மூடாமல் நிற்குமே, அதுவும் அப்படியே இருந்தது. அவளுடைய வழக்கமான பிழையும் இருந்தது. பெரிய ற வரவேண்டிய இடத்திலெல்லாம் சின்ன ர. நான் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோன அதே பிழை.

இரண்டாம் பக்கம் நாலாவது வரிக்கு மேலே, 'இங்கே கம்பி அருந்துவிடும்' என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அறுந்துவிடும் என்பதற்கு அருந்துவிடும். "கம்பி என்னம்மா அருந்தும், தேநீரா?" என்று கேட்டேன். அவளும், பக்கத்தில் இருந்த பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் பல் மருத்துவம் படிப்பவள். ஒரே ஸ்டாண்டில் அவரவர் தாளை வைத்துப் பார்த்து வாசிக்கும் ஜோடி இவர்கள் இருவரும்.

இடைவேளை முடிந்து இருபது நிமிடம் இருக்கும். இரண்டாம் பக்கம், நாலாவது வரி. சுண்டுவின் முதல் கம்பி பட்டென்று அறுந்தது.

வயலின் கம்பி அறுவது ஒன்றும் அதிசயமில்லை என்று எனக்கும் தெரியும். புதிதாகப் போட்ட கம்பி, கூடத்தில் குளிர் அதிகம். ஆனாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் கம்பியை மாற்றிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துக் கோப்பையில் குடிப்பதுபோல் சைகை காட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பல் மருத்துவப் பெண், ஒரு எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று என்னைச் சீண்டினாள். நான் என் கதையைச் சொன்னேன். நாற்பத்தோரு ஆண்டுகள் பாடநூல் அச்சகத்தில், அச்சேறுமுன் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்தினேன். என் கண்ணுக்குத் தப்பிப் போன பிழை ஒன்றே ஒன்றுதான். வரலாற்றுப் பாடத்தில் 'மன்னர் இறந்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மன்னர் இரந்தார்' என்று அச்சாகிவிட்டது. இரந்தார் என்றால் பிச்சை கேட்டார், கெஞ்சினார் என்று அர்த்தம். எண்பதாயிரம் பிரதிகள். அந்த வருடம் நாடு முழுக்கப் பிள்ளைகள் மன்னரைச் சாகவிடாமல் பிச்சை எடுக்க வைத்தார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு ராஜாவைத் தெருவுல விட்டுட்டீரே ஓய்" என்றார். அதன் பிறகு நான் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு நினைவிருக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "இனிமே மறக்கவே மாட்டேன் தாத்தா. செத்தா பெரிய ற, கெஞ்சினா சின்ன ர" என்றாள் சுண்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நடந்துவிட்டது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு கதவு. காலையிலிருந்து தாழ் போட்டே இருந்தது, நான் பார்த்தேன். சற்றுமுன் அது தானாகத் திறந்து மெதுவாகச் சுவரில் போய் முட்டியது. வாசித்துக்கொண்டிருந்த முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், வாத்தியம் எல்லாம் தடுமாறியது. சுண்டு மட்டும் தலையைத் திருப்பவில்லை. நடத்துநர் கோலைக் கீழே போட்டுவிட்டு, "கதவைப் பாக்கவா வந்தீங்க? இந்தப் பொண்ணு ஒருத்திதான் வாசிக்க வந்திருக்கா" என்று எல்லோரையும் திட்டினார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் தாளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நான் காலையிலேயே படித்திருந்தேன். 'கதவு திரக்கும். பார்க்காதே.'

காற்றாக இருக்கலாம். பழைய கட்டடம். மீதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

உன் அப்பா


திங்கட்கிழமை காலை
வீடு

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை எழுதியதை அங்கிருந்து அஞ்சலில் சேர்க்கவில்லை. சேர்க்காதது நல்லதாயிற்று. இரண்டையும் ஒன்றாகவே கூரியரில் அனுப்புகிறேன். மூன்று நாளில் கிடைக்கும் என்றார்கள். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படி. சுண்டுவிடம் போனில் பேசும்போது இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காதே.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் பக்கத்தில் இருக்கிறாள். அதுவுமில்லாமல் போனில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அப்பாவுக்குக் காற்புள்ளி கீழே விழுந்தாலும் காய்ச்சல் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது உண்மைதான். என் பயங்களில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாமல் போனவை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ படித்துப் பார்த்து, அப்பா உளறுகிறார் என்று சொன்னால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் தாளம்மாவிடம் போனேன். அந்த உறையை முன்பு யார் வாசித்தார்கள் என்று கேட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார். கடைசியாக அந்த உறை பொந்தை விட்டு வெளியே வந்தது பத்தொன்பது வருடங்களுக்கு முன். சுண்டு பிறப்பதற்கும் இரண்டு வருடம் முன்பு. நம் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் வயலினைத் தொட்டதுகூட இல்லை.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கச்சேரி முடிஞ்சு உறை திரும்பி வந்தா, பென்சில் குறி எல்லாத்தையும் ரப்பர் போட்டு அழிச்சுட்டுத்தான் சார் உள்ள வைப்பேன். அதுதான் என் வேலையே. இதையும் அழிச்சேன். இதோ என் கையெழுத்து." பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம் இருந்தது. பிறகு தாளை வாங்கிக் குறிப்பின்மேல் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் கரி ஒட்டவில்லை. "இந்த வாரம் எழுதினதுன்னா ஒட்டும். இது காகிதத்துக்குள்ள எறங்கிப்போன பழைய எழுத்து" என்றார். பிறகு என்னை ஒருமாதிரி பார்த்து, "உங்க பேத்திக்கு வேணும்னா சுத்தமா ஒரு நகல் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

சுண்டுவிடம் சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வேண்டாம் தாத்தா, எனக்கு இதுதான் வேணும். இதுல எனக்கு எல்லாம் சொல்லியிருக்கு." எல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். "எங்க தப்பு வரும், எங்க யாரு கெடுப்பாங்க, எல்லாம். கூட ஒரு ஆள் ஒக்காந்து சொல்லித் தர்ற மாதிரி இருக்கு. பயமே இல்லை." அவளுக்குப் பயமில்லை என்று கேட்டதும் எனக்கு இரண்டு பங்காயிற்று.

ஞாயிறு காலை அவள் குறிப்புகளின்படியே வாசித்தாள். 'செல்லோ முந்தும், நீ காத்திரு' என்ற இடத்தில், பெரிய வயலின்போல் தரையில் நிறுத்தி வாசிக்கும் அந்தச் செல்லோக்காரர்கள் ஒரு தாளம் முந்தினார்கள், அவள் காத்திருந்தாள். 'பக்கத்தில் தும்மல்' என்ற இடத்தில் அந்தப் பல் மருத்துவப் பெண் தும்மினாள். நடத்துநர் சுண்டுவை மூன்றாவது வரிசையிலிருந்து எழுப்பி முதல் வரிசைக்கு மாற்றினார். இடைவேளையில் என்னிடமே வந்து, "உங்க பேத்தி நேத்தே இந்தக் கச்சேரியை ஒருவாட்டி வாசிச்சு முடிச்சுட்டு வந்த மாதிரி வாசிக்கறா" என்று பாராட்டினார். நான் நன்றி என்றேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் ஒத்திகையில் தொடுவதில்லை என்பது அந்த நடத்துநரின் பழக்கம். கச்சேரிக்கு முந்தின நாள்தான் அதை வாசிக்க விடுவாராம், இல்லாவிட்டால் பிள்ளைகளின் வில் முடிவை நோக்கி ஓடுமாம். அதற்காக எல்லோரும் கடைசித் தாளை ஒரு கிளிப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சுண்டுவும் போட்டிருந்தாள். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவளைப்பற்றி எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

பிரித்தது நான்.

ஞாயிறு மதியம் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடத்தில் நான் மட்டும். ஸ்டாண்டுகளும் முப்பது நாற்காலிகளும் ஆளில்லாமல் நின்றன. நான் மேடை ஏறினேன். ஒரு தாளையாவது அனுமதி இல்லாமல் தொட்டவனல்ல நான். கிளிப்பை எடுத்தேன். பக்கம் முழுவதும் குறிப்பே இல்லை. முடிவுக்கு நாலு வரி முன்னால் மட்டும் இருந்தது.

'இங்கே தாத்தா இரந்தார். நிறுத்தாதே.'

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். செய்தேன் என்று சொல்வதா, என் கை செய்தது என்று சொல்வதா என்று தெரியவில்லை. அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி என் சட்டைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனா கையில் இருந்தது. சின்ன ர-வின்மேல் ஒரு கோடு. ஓரத்தில் பெரிய ற. அதன் பக்கத்தில் ஒரு சாய்கோடு. நாற்பத்தோரு வருடம், நாளுக்கு நூறு முறை செய்த காரியம். அதிலும் அந்த ஒரு சொல். எண்பதாயிரம் பிரதிகளில் என்னைத் தலைகுனிய வைத்த அதே சொல். அதைத் திருத்தாமல் என் கையால் தாண்டிப்போக முடியாது.

திருத்திவிட்டு, திருந்திய வரியை வழக்கம்போல ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். இங்கே தாத்தா இறந்தார்.

அப்புறம்தான் அடுத்த சொல்லைப் பார்த்தேன். நிறுத்தாதே. அதில் பெரிய ற சரியாக இருந்தது. மகளே, முந்தைய பக்கங்களில் பெரிய ற ஒன்பது இடங்களில் வரவேண்டும். எண்ணினேன். ஒன்பதிலும் சின்ன ர-தான் போட்டிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் மட்டும் சரியாக எழுதியிருக்கிறாள். அதாவது இதை எழுதியவளுக்கு இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. செத்தா பெரிய ற, கெஞ்சினா சின்ன ர என்று சனிக்கிழமை மதியம் அவளே சொன்னாளே, அதற்குப் பிறகு எழுதியது இது. அப்படியானால் அவள் 'இரந்தார்' என்று எழுதியது பிழையே இல்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். தாத்தா கெஞ்சினார் என்றுதான் எழுதியிருக்கிறாள்.

சரியாக இருந்த சொல்லை நான் திருத்திவிட்டேன்.

ரப்பரை எடுத்து அழித்துப் பார்த்தேன். மசியைப் பென்சில் ரப்பர் என்ன செய்யும். காகிதம் பஞ்சுபோல் எழும்பியது, சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவியது. ஓட்டை விழுந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். கிளிப்பைப் பழையபடி போட்டுவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். சுண்டு சாப்பிட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏன் தாத்தா இவ்வளவு சில்லுனு இருக்கு, வெளிய போய் வெயில்ல நில்லுங்க" என்றாள். போய் நின்றேன்.

மாலையில் உறைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நடைபாதையில் நின்று கிளிப்பை எடுத்தேன். திருத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் என் சிவப்பு ற-வுக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது.

'சரி தாத்தா.'

புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். வட்டம் மூடவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன். கரி ஒட்டவில்லை.

அச்சகத்து வழக்கம் உனக்கு மறந்திருக்கும். நாங்கள் திருத்திய தாள் நூலாசிரியருக்குப் போகும். திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டால் பக்கத்தில் சரி என்று எழுதி அனுப்புவார். சரி வந்துவிட்டால் பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. அச்சுக்குப் போக வேண்டியதுதான்.

அவளிடம் கேட்டேன். நேராகக் கேட்கத் தைரியமில்லை. கடைசிப் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை வந்துதான் பிரிக்கணும். ஏன், பாத்துட்டீங்களா? திருட்டு தாத்தா!" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

ரயிலில் வரும்போது இரண்டு முறை வாயைத் திறந்தேன். இந்தக் கச்சேரி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கை மணிக்கட்டை வயலின் கழுத்தாக வைத்து, இடக்கை விரல்களால் அதன்மேல் வாசித்துக்கொண்டே வந்தாள். சுண்டுவிரல் தனியாக எட்டி எட்டித் தட்டியது. அவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அந்தக் குறிப்பில் 'இங்கே' என்றால் இசையில் இந்த இடம் என்றுதான் அர்த்தம். எந்த ஊர் என்றோ எந்த நாற்காலி என்றோ இல்லை. நான் இங்கே தனியாக இருந்து, அவள் கைதட்டெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவதை நினைத்தால் அது இன்னும் மோசம்.

பயம் எனக்காக என்று நினைத்துவிடாதே. எழுபத்து நான்கு வயது. ரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரை ஒருநாள்கூடத் தவறியதில்லை. மருத்துவர் போன மாதம் பார்த்து, "நீங்க எங்களை எல்லாம் அனுப்பி வச்சுட்டுதான் போவீங்க" என்றார். என் பயம் வேறு. இதுவரை அந்தத் தாள் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் தட்டாமல் செய்திருக்கிறாள். பார்க்காதே என்றது, பார்க்கவில்லை. காத்திரு என்றது, காத்திருந்தாள். நிறுத்தாதே என்றால் நிறுத்த மாட்டாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டாலும் வாசித்துக்கொண்டே இருப்பாள், முடிவு வரைக்கும். பிறகு வில்லை இறக்குவாள். அந்த நொடியில் அவளுக்கு அங்கே யார் இருப்பார்கள்? அதன் பிறகு வருகிற வருடங்களில், நான் நிறுத்தியிருக்க வேண்டுமோ என்று அவள் கேட்கும்போது, இல்லை கண்ணு, அது சரிதான் என்று சொல்ல யார் இருப்பார்கள்?

இதெல்லாம் கிழவனின் பிரமை என்றால், அந்தச் சனிக்கிழமை நாம் மூவரும் கச்சேரி முடிந்து சேர்ந்து தேநீர் குடிப்போம், நீ ஆயுசு முழுக்க என்னைக் கேலி செய்யலாம்.

எங்கள் இருவரையும் பார்க்க நீ வந்து நாலு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் "அடுத்த லீவுக்குப் பாக்கறேன்ப்பா" என்பாய். நானும் ஒவ்வொரு முறையும் அவசரமில்லை அம்மா என்பேன். அது பொய். ஒவ்வொரு முறையும் பொய். உன்னை வா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான். ஒருவேளை, நேரத்தோடு நான் கேட்டிருந்தால் அந்தத் தாளில் அவள் முதலில் எழுதியதே நின்றிருக்குமோ என்னவோ. இப்போது கேட்கிறேன். என் திருத்தத்தை மீறி அவள் எழுதிய மூலச் சொல் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. வா அம்மா. கெஞ்சிக் கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் கெஞ்சியதாகவே சொல், அவர் சிரித்தாலும் பரவாயில்லை. ஆய்வுக்கூடத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு. அது பொய்யாக இருந்தால் பாவம் என்னைச் சேரட்டும்.

கச்சேரி நான்கு மணிக்கு. காலை ரயிலில் வந்தால் போதும். நிலையத்திலிருந்து கூடம் நடக்கிற தூரம்தான். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. அதற்கு அடுத்ததை உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். குளிரும், போர்வை கொண்டு வா. அவளுக்குப் புது முதல் கம்பி இரண்டு வாங்கி வா, இங்கே நல்லது கிடைப்பதில்லை.

எங்கே என்ன நடந்தாலும் எழுந்திருக்காதே. சத்தம் போடாதே. என் பக்கம் திரும்பாதே. உன் முகம் மேடையைப் பார்த்தபடியே இருக்கட்டும். வாசித்து முடித்ததும் அவள் முதலில் பின்வரிசையைத்தான் தேடுவாள், அது அவள் வழக்கம். அவள் தேடும்போது அங்கே நீ இரு.

உன் அப்பா